வாசலுக்கு வந்த மீன்

செவந்தியை நடுத்தெருவில் அழவிட்டுவிட்டுப் போன வாரம் நான் பாட்டுக்கு எழுந்து போய்விட்டேன் என்று பலருக்குக் கோபம். என்ன செய்ய, பக்கம் முடிந்துவிட்டது. அவள் அழுது, முகம் கழுவி, அண்ணனைத் தலைமுழுகிவிட்டதாகத் தெருவுக்கே சொல்லியும் ஆயிற்று. இப்போது அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று அவள் வாசலுக்கு வந்திருக்கிறது.

இந்த வாரம்தான் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. முத்துராமனும் செவந்தியும் கூடப்பிறந்தவர்கள். நல்லாங்குடிக் கண்மாய்க் கரையில் மில் முதலாளிகள் நடத்தும் கிளப்புக்கு அண்ணன் மேனேஜர். அதே கரைக்குக் கீழே, கீழத்தெருவில் தங்கை வீடு. கிளப் மீன் களவு போகிறது என்று பேச்சு வந்தபோது, முத்துராமன் தன் தங்கை புருஷன் நாகராசுவின் பெயரைச் சொல்லிவிட்டான். நாகராசு அரை நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தான். அன்றைக்குத்தான் செவந்தி, "இனிமே ஒன் வாசப்படிய மிதிச்சா என்னைச் செருப்பால அடி" என்று தெருவில் நின்று கத்தினாள்.

இன்று சனிக்கிழமை. விடாத மழை. கீரமங்கலம் ரோட்டில் பஸ் வரவில்லை, ஸ்கூல் லீவு. மறுநாள் கிளப்பின் பொன்விழா.

செவந்தி வாசலில் குத்துக்காலிட்டுப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கொல்லைச் சுவரோரமாக ஒரு நீர்க்கால் ஓடி வந்து வாசலைச் சுற்றிக்கொண்டு போனது. மழைத் தண்ணீர்தானே என்று அவள் கவனிக்கவில்லை. கணுக்காலில் ஏதோ வழவழவென்று இடித்தது. பாம்பு என்று அலறி எழுந்தாள்.

பாம்பு இல்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு கட்லா மீன், சேற்றில் துள்ளிக்கொண்டிருந்தது. அதன் முதுகுத் துடுப்பில் சிவப்பாக ஒரு பிளாஸ்டிக் வில்லை.

அதைப் பார்த்ததும் செவந்தி தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். பொன்விழாத் தூண்டில் போட்டிக்காகச் சிவப்பு வில்லை குத்திய ஒரு மீனைக் கண்மாயில் விட்டிருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். அதைப் பிடிக்கிறவருக்குத்தான் முதல் பரிசு. அந்த மீன், களவாணி என்று பெயர் வாங்கிய ஆளின் வாசலில் கிடக்கிறது.

"ஏங்க, இங்கிட்டு வாங்க, சீக்கிரம் வாங்க."

நாகராசு துண்டை உதறிக்கொண்டு வந்தான். மீனைப் பார்த்தான். ஒரு வாரமாகச் சிரிக்காத மனுஷன் வாய்விட்டுச் சிரித்தான்.

"அடி சக்கை! களவாண்டேன் களவாண்டேன்னு ஸ்டேஷனுக்கு அனுப்புனானுல்ல ஒங்கண்ணன். இப்ப மீனே என் வீட்டு வாசலத் தேடிக்கிட்டு வந்துருச்சு பாரு. கொழம்பு வையி."

"வெளையாடாதீங்க. யாராச்சும் பாத்தா நம்ம கதை கந்தல். இந்தத் தடவ அரை நாளோட விடமாட்டாங்க."

"நான் எங்கயும் போகல, எதையும் தொடல. கண்மாய் நெறஞ்சு கலிங்கு தாண்டி வந்த மீனு. கலிங்கு தாண்டுனா பிடிச்சவனுக்குத்தானே சொந்தம்?"

"கலிங்குலதான் தட்டி வச்சு வெல்டு அடிச்சிருக்கானே எங்கண்ணன். மீனு எப்புடித் தாண்டும்?"

"மழைக்குப் பிஞ்சு போயிருக்கும். பேச்ச விடு, இந்தா இன்னொண்ணு வருது பாரு." அவன் ஓடிப்போய் மீன் அமுக்குகிற மூங்கில் கூடையான ஊத்தாவை எடுத்து வந்து, சுவரோரம் தண்ணீர் வரும் வழியில் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டான்.

செவந்தி அந்த வில்லை மீனை வாளியில் போட்டு, மேலே ஈரத்துணியைப் போட்டு மூடினாள். "நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன். குடுத்துட்டா ஒரு பேச்சும் வராது."

"போ, போ. போயி ஒங்கண்ணன் கால்லயும் விழுந்துட்டு வா. எனக்கு அவன் மூஞ்சியே ஆகாது, அவன் சம்பந்தப்பட்டது எதுவும் ஆகாது."

ஒரு வாரத்துக்கு முன்னால் போட்ட சபதத்தை அவளே மீறப் போகிறாள். அதைவிட அவள் மனசில் வேறொன்று குறுகுறுத்தது. வாசலில் ஓடும் தண்ணீர் மழைத் தண்ணீர் மாதிரி இல்லை. மழை சற்று விட்டிருந்தது. தண்ணீர் விடவில்லை.

அவள் கரை ஏறி முடிப்பதற்குள் கிளப்பின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இந்த மீனின் அருமை உங்களுக்குத் தெரியாது.

முதலில் வந்தவர்கள் தாரா, அதாவது காட்டு வாத்து, சுட வந்தார்கள். மேற்கே மில் வைத்திருந்த முதலாளிகள் நாலைந்து பேர், கார்த்திகை மார்கழியில் ஜீப்பில் வருவார்கள். கண்மாயில் இறங்கும் தாராக்களைச் சுட்டு, கரையிலேயே அடுப்பு மூட்டி ஆக்கித் தின்பார்கள். ஊருக்கும் பங்கு கொடுத்தார்கள், அதனால் ஊருக்கும் அவர்களைப் பிடித்துப்போயிற்று. சுடக்கூடாது என்று கெடுபிடி வந்ததும் துப்பாக்கி போய்த் தூண்டில் வந்தது. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தார்கள், காட்டேஜ் கட்டினார்கள், படகு விட்டார்கள். ஊருக்கு அது கண்மாய், அவர்களுக்கு லேக். கோடையில் ஊரே இறங்கி மீன் பிடிக்கும் திருவிழா நின்றது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கப்போனவர்களுக்கு பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள்.

அப்புறம் கார்கள் பெருத்தன. எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை என்று கரையின் தலையைச் சீவி ரோடாக்கினார்கள். கரை தாழ்ந்தது. சீவிய மண்ணை எங்கே கொட்டுவது என்று பார்த்தபோது பழைய மடை கண்ணில் பட்டது. கரைக்கு அடியில் கல் சுரங்கம் போல ஓடி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோன மடை. ஊரில் எல்லாரும் போர் போட்டுவிட்டார்கள், மடைத் தண்ணீருக்கு யார் காத்திருந்தார்கள்? மண்ணைக் கொட்டி மூடி, மேலே செம்பருத்தி வைத்தார்கள். மடை மூடியதும் அதன் வாய்க்கால் காய்ந்தது. காய்ந்த வாய்க்காலில் ஜனங்கள் வீடு கட்டினார்கள். அதுதான் கீழத்தெரு. அந்த வாய்க்காலின் தலைமாட்டில், கரையை ஒட்டின முதல் வீடு செவந்தியுடையது.

மிச்சம் இருந்தது கலிங்கு. கண்மாய் நிறைந்தால் மிஞ்சின தண்ணீர் வழிந்து போகிற இடம் அது. வடகோடியில், பாறை மேட்டில் இருக்கிறது. அப்படி மறுகால் ஓடுகிற அன்று ஊரே ஊத்தாவோடு அந்தப் பாறையில் நிற்கும். கலிங்கு தாண்டிய மீன் பிடித்தவனுக்கு. லாரியில் கொண்டுவந்து விட்ட மீன் அப்படிப் போவதைக் கிளப் பொறுக்குமா? கலிங்குக் கற்களுக்கு நடுவே கம்பித் தட்டி வைத்தார்கள். ராவோடு ராவாக யாரோ தட்டியைத் தூக்கிவிட்டார்கள். இந்த வருஷம் பொன்விழா ஆயிற்றே, முத்துராமன் தட்டிகளை வெல்டு வைத்து அடைத்தே விட்டான்.

முத்துராமனிடம் இன்னொரு வித்தையும் உண்டு. பாறையில் கூட்டம் சேர்ந்தால் மைக்கைப் பிடித்து, "கரையில வெடிப்பு விட்ருச்சு, ஒடையப் போகுது, வீட்டப் பாருங்க, புள்ளைகளப் பாருங்க" என்று அலறுவான். முதல் தடவை அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அடுத்த தடவை நடந்தார்கள். அப்புறம் சிரித்தார்கள். கிளப்காரர்களிடம் போய் வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தான்: "கரை ஒடையுது, தட்டியத் தொறங்கன்னு ஊர்க்காரங்க வருவாங்க சார், எல்லாம் மீனுக்காக. நம்பாதீங்க."

இந்த இரண்டு பேச்சையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலிங்கு ஓரத்தில் பரிசளிப்பு மேடைக்கு ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். கரை நெடுகத் தென்னை மரங்களில் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. ரெயின்கோட்டோடு நின்ற முத்துராமன், வாளியோடு வரும் தங்கையைப் பார்த்ததும் ஆள்களை விலக்கிக்கொண்டு வந்தான்.

செவந்தி துணியை விலக்கினாள்.

வில்லையைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்துவிட்டது. "மாப்பிள்ளை வேலையா? தட்டிய அறுத்துட்டாரா? ஏன் செவந்தி, நாளைக்கு விழாவ வச்சுக்கிட்டு என் கழுத்த அறுக்கணும்னு கங்கணம் கட்டிட்டீங்களா?"

"வாய அலம்பிட்டுப் பேசு. என் வாசல்ல வந்து விழுந்துச்சு. அவரு கொல்லைப் பக்கம்கூடப் போகல."

"வாசல்ல மீனு எப்புடி வரும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். இன்னமும் வந்துக்கிட்டிருக்கு. வா, ஒன் தட்டியப் பாப்போம். அறுத்திருந்தா ஸ்டேஷனுக்கு என்னையும் சேத்து அனுப்பு."

இரண்டு பேரும் கலிங்குக்குப் போனார்கள். கம்பித் தட்டிகள் வைத்தது வைத்தபடி நின்றன. வெல்டிங் போட்ட இடம் கறுப்பாக, கெட்டியாக இருந்தது. ஆகாயத்தாமரை வந்து தட்டி முழுக்க அப்பிக்கொண்டிருந்ததில் தண்ணீர்கூட ஒழுங்காக வெளியே போகவில்லை, கசிந்துகொண்டுதான் இருந்தது. மீன் என்ன, மீன்குஞ்சு போகவும் வழியில்லை.

கண்மாய் விளிம்பு வரை நின்றது. சீவித் தாழ்த்திய கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம்.

"அண்ணே," என்றாள் செவந்தி. ஒரு வாரமாக அவள் சொல்லாத வார்த்தை. "இது வழியா வரல. அப்ப எது வழியா வந்துச்சு?"

முத்துராமன் தட்டியை விட்டுத் திரும்பினான். அவன் பார்வை கரையோரமாகப் போய், செம்பருத்திப் பாத்தியில் நின்றது. அடுத்த நிமிஷம் ஓட ஆரம்பித்தான். செவந்தியும் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

செம்பருத்திக்கு நேரே, கரையை ஒட்டிய தண்ணீரில், தாம்பாளம் அகலத்துக்கு ஒரு சுழி. சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஓர் ஆகாயத்தாமரைச் செடி மெதுவாக அதன் பக்கம் நகர்ந்து போயிற்று, இரண்டு சுற்று சுற்றியது, உள்ளே போய்விட்டது. திரும்பி வரவில்லை.

முத்துராமன் பயந்தான் என்று பூசி மெழுகாமல் சொல்கிறேன், அந்த மனுஷன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

"மடை தொறந்துக்கிச்சு செவந்தி. கொட்டுன மண்ணு கரைஞ்சிருச்சு. கண்மாய்த் தண்ணி கரைக்கு அடியில ஓடுது."

"எங்க வீட்டுக்கு."

"ஒங்க வீட்டுக்குத்தான்."

"என்ன ஆகும்?"

"அத்தை ஊருல கொளம் ஒடைஞ்சப்ப நான் பக்கத்துல நின்னேன். மொதல்ல இப்புடித்தான் கலங்கத் தண்ணி வந்துச்சு. அப்பறம் ஒரு பொட்டு இல்லாம நின்னு போச்சு. உள்ளார மண்ணு சரிஞ்சு அடைச்சிருக்கு. ஜனம் என்னன்னு நெனைச்சுச்சு தெரியுமா, சாமி காப்பாத்திருச்சுன்னு கும்புட்டுச்சு. கும்புட்ட கை எறங்கல, கரை போயிருச்சு." அவன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "தண்ணி வந்துக்கிட்டிருக்க வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு. நின்னுச்சுன்னா இல்ல. போ, தெருவக் கெளப்பு. நான் தட்டியத் தொறக்கச் சொல்றேன். தண்ணி கலிங்கு வழியா எறங்குனாத்தான் கரைக்குப் பாரம் கொறையும்."

செவந்தி இறங்கி ஓடிக்கொண்டே ஃபயர் சர்வீசுக்குப் போன் போட்டாள். ஆலங்குடி ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, அறுத்துக்கொண்டே வருகிறோம், அதுவரை ஜனங்களை மேட்டுக்குக் கொண்டுபோங்கம்மா என்றார்கள்.

முத்துராமன் காட்டேஜுக்கு ஓடினான். செக்ரட்டரி ரத்தினவேல், முதலாளிகளில் மூன்றாம் தலைமுறை. வராந்தாவில் உட்கார்ந்து, மறுநாள் வருகிறவர்களுக்கு எந்த எந்த ரூம் என்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், பழைய மடை தொறந்துக்கிச்சு. தட்டிய உடனே எடுக்கணும் சார்."

ரத்தினவேல் போனைப் பொத்திக்கொண்டார். "தட்டிய எடுத்தா மீன் என்ன ஆகும்?"

"மீனு போயிரும் சார். ஆனா கரை..."

"முத்துராமன், நீங்கதானே என்கிட்ட சொன்னது? கரை உடையுதுன்னு சொல்லிக்கிட்டு வருவாங்க, நம்பாதீங்கன்னு. இந்த வருஷம் உங்களையே அனுப்பிட்டாங்களா?"

"சார், நான் கண்ணால பாத்தேன். சுழி விழுந்திருக்கு."

"எங்க தாத்தா காலத்துல இருந்து நிக்கிற கரை. நாளைக்கு ஒரு நாள் நிக்காதா? திங்கக்கிழமை பொக்லைன் சொல்லுங்க, நாலு லோடு மண்ணு போட்டுடலாம். உங்க பையன் விக்ரமுக்கு மில்லுல பேசி வச்சிருக்கேன், ஞாபகம் இருக்கா? இப்ப போய் இந்தப் பேச்செல்லாம் வேண்டாம்." அவர் மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கரைக்குக் கீழே அவருக்கு யாரும் இல்லை, அவ்வளவுதான்.

முத்துராமன் நேரே மேடைக்குப் போய் மைக்கை எடுத்தான்.

"கீழத்தெரு ஜனங்களே, கரை ஒடையப் போகுது. எல்லாரும் வீட்ட விட்டு..."

கீழே தெருவில் செவந்தி வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் அண்ணன் குரல் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் தெரு சிரித்தது.

"ஆரம்பிச்சுட்டான்யா! கலிங்குப் பக்கம் ஒரு ஈ காக்கா இல்ல, யாருக்கு இந்த மைக்கு?" என்றான் அய்யப்பன். டீக்கடைக்காரன், வாய்க்கு வாய் பேசுகிறவன்.

"சிரிக்காதீங்க, இந்தத் தடவ நெசம்!" செவந்தி கத்தினாள். "மடை தொறந்துருச்சு. தண்ணி கரைக்கடியில ஓடுது. எங்க வாசல்ல மீனு வந்து விழுகுது, வில்லை குத்துன மீனு!"

அவள் சொன்னதில் ஜனங்களின் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான்.

"வில்லை மீனா?"

"ஒன் வாசல்லயா செவந்தி?"

"அடேய், ஊத்தாவ எடுடா!"

கூடை, கொசுவலை, குடம், பழைய சேலை, கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு தெருவே அவள் வீட்டுக்கு ஓடியது. குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். செவந்தி குறுக்கே விழுந்து தடுத்தாள். "அங்க போகாதீங்க, ஐயோ, அங்கதான் போகக்கூடாது!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பக்கத்து வீட்டுப் பரிமளா, "நீ மட்டும் திம்பியாக்கும்?" என்று செல்லமாக இடித்துவிட்டுப் போனாள்.

அவள் வாசல் திருவிழாவாகிவிட்டது. நாகராசு நடுநாயகமாக உட்கார்ந்து, "தள்ளி நில்லுங்கப்பா, இது என் வாசல்" என்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தான். சுவரோரத் தண்ணீர் இப்போது டீ நிறத்தில் வந்தது. சுவரின் அடி மண் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்து போவதை செவந்தி பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை, எல்லாருக்கும் கண் மீன்மேல்.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். அழுகையோடு பேசினாள். "நான்தான் கெடுத்துட்டேன். மீனுன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். தெருவே எங்க வாசல்லதான் நிக்குது. புள்ளகுட்டியோட நிக்குதுண்ணே. நீ சொன்னாலும் நம்பல, நான் சொன்னாலும் நம்பல."



"மீனுன்னா நம்புறாங்கல்ல?" என்றான் முத்துராமன். "சரி. நீ போன வையி."

ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது.

"கீழத்தெரு ஜனங்களே, நான் முத்துராமன் பேசுறேன். கலிங்கத் தொறக்குறேன். அம்புட்டு மீனும் ஒங்களுக்குத்தான். வந்து அள்ளிக்கங்க."

"இவன் வாயில நல்ல வார்த்தையா?" என்றான் அய்யப்பன். "மழை ஏன் நிக்காமப் பெய்யுதுன்னு இப்பத் தெரியுது."

யாரும் நகரவில்லை. அப்போது ஸ்பீக்கரில் டங் என்று ஒரு சத்தம் விழுந்தது. தென்னைக்குத் தென்னை அது எதிரொலித்தது. இன்னொரு டங். இரும்பில் சம்மட்டி விழுகிற சத்தம். அவன் மைக்கைக் கலிங்குக் கல்லின் மேல் வைத்துவிட்டு அடித்துக்கொண்டிருந்தான். எத்தனையோ வருஷமாக அந்தத் தெரு கேட்க ஆசைப்பட்ட சத்தம் அது. அடிக்கு நடுவே அவன் மூச்சு வாங்குவதும் கேட்டது.

"டேய், நெசமாவே ஒடைக்கிறான்டா!"

அய்யப்பன்தான் முதலில் ஓடினான். அவன் பின்னால் பையன்கள், அவர்களுக்குப் பின்னால் எல்லாரும். குழந்தைகள், கூடைகள், நடக்கமாட்டாத கிழவியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இரண்டு பேர். மீன் காட்டினால் வருகிற ஜனம். உயிர் என்று சொன்னால் வராத ஜனம். செவந்தி அழுதுகொண்டே ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்து, விட்டுப்போனவர்களை அதட்டி விரட்டிக்கொண்டு, கடைசி ஆளாகப் பாறை மேட்டுக்கு ஏறினாள்.

மேலே முத்துராமன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அடித்துக்கொண்டிருந்தான். உள்ளங்கை கிழிந்து ரத்தம். அய்யப்பன் தண்ணீரில் இறங்கி, "அண்ணே, தள்ளுங்க, நீங்க அடிக்கிறது கொசு அடிக்கிற மாதிரி இருக்கு" என்று சம்மட்டியை வாங்கிக்கொண்டான். வேறு இரண்டு பேர் கடப்பாறை போட்டு நெம்பினார்கள். முதல் தட்டி முறிந்து, ஆகாயத்தாமரையோடு பிய்த்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் ஓவென்று இறங்கியது. அடுத்த தட்டி, அதற்கடுத்தது. கட்லாவும் ரோகுவும் பாறையில் வந்து விழுந்தன. கிளப்பின் பொன்விழா முழுக்கப் பாறையில் துள்ளியது. ஜனங்கள் கூச்சல் போட்டுக்கொண்டு அள்ளினார்கள்.

தூரத்தில் காட்டேஜிலிருந்து ரத்தினவேல் குடையில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தார். "யாரைக் கேட்டுத் திறந்தீங்க? ஜெனரேட்டரை ஆஃப் பண்ணுங்கடா, மைக்கைப் புடுங்குங்கடா!" ஸ்பீக்கர் ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது.

முத்துராமன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலை போயிற்று, மகன் வேலையும் போயிற்று. அது அவனுக்குத் தெரியும். பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு தங்கையைக் கேட்டான்: "எல்லாரும் வந்துட்டாங்களா ஆத்தா?"

செவந்தி அண்ணன் கையைத் தன் முந்தானையால் சுற்றிக் கட்டினாள். "தெருவுல ஒரு வீடு விடாமப் பாத்துட்டேன். ஒரு ஆளு இல்ல."

சொல்லிக்கொண்டே கூட்டத்தில் நாகராசுவைத் தேடினாள். எல்லாருக்கும் முன்னால் ஓடுகிற ஆள். ஊத்தாவும் கையுமாக எங்கேயாவது நடுவில் நிற்பான். நிற்கவில்லை. எல்லா வீட்டையும் எட்டிப் பார்த்தாளே தவிர, தன் வீட்டைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர்தான் முதல் ஆளாய்ப் போயிருப்பார் என்று நினைத்துவிட்டாள்.

"பரிமளா, எங்க வீட்டு ஆளப் பாத்தியா?"

பரிமளா மடி நிறைய மீனோடு திரும்பினாள். "அவரா? நான் கூப்புட்டேன், வரமாட்டேன்னுட்டாரு. 'களவாணின்னு சொன்னவன் தொறந்துவிட்ட மீனு எனக்கு எதுக்கு? என் வாசலுக்கு வர்ற மீனு போதும்'னு ஊத்தாவப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. ரோசக்காரருத்தா ஒன் வீட்டுக்காரரு."

செவந்தி போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது. நாகராசுதான். அவசரத்தில் ஸ்பீக்கரில் விரல் பட்டுவிட்டது.

"ஏய் செவந்தி!" குரலில் அப்படி ஒரு தெம்பு. "ஒங்கண்ணன் பக்கத்துல இருக்கானா? இருந்தா நல்லாக் கேட்டுக்கச் சொல்லு. தண்ணி நின்னு போச்சு. ஒரு பொட்டு வரல. கரை ஒடையுதாம் கரை, பயந்தாங்கொள்ளிப் பய. நீ அங்க கெடக்குற மீனத் தொடாம வீடு வந்து சேரு."

முத்துராமன் போனைப் பிடுங்கினான். "மாப்ள! ஓடுங்க மாப்ள! எதையும் எடுக்காம ஓடுங்க!"

"போய்யா, இந்த வேலையெல்லாம் வேற எவன்கிட்டயாச்சும் வச்சுக்க."

போன் வைக்கப்பட்டது. முத்துராமன் திரும்பப் போட்டான். அடித்தது, எடுக்கவில்லை. மைக்கைத் தூக்கி, "மாப்ள" என்று கத்தினான். மைக்கில் உயிர் இல்லை.

அவன் நிமிர்ந்தபோது செவந்தி அங்கே இல்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கரை ரோட்டில் பாதி தூரம் போயிருந்தாள், புருஷன் பெயரைக் கத்திக்கொண்டே. "செவந்தி, எறங்காத! கரையில எறங்காத!" என்று அலறியபடி முத்துராமன் பின்னால் ஓடினான்.

செம்பருத்திப் பாத்திக்கு நேரே வந்ததும் அவள் ஒரே ஒரு தடவை கண்மாயைத் திரும்பிப் பார்த்தாள். சுழியைக் காணவில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது.

கீழே அவள் வீட்டு வாசலில் நாகராசு அவளைப் பார்த்துவிட்டு, ஒரு மீனைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். செவந்தி சரிவில் கால் வைத்தாள். மண் அவளோடு சேர்ந்து நகர்ந்தது.